காண்டாமிருகத்தின் முதுகில் முளைத்த கொம்பு

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தக வார நிறைவு நாளன்று பேசியது. ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றுபோனதால் விட்டுப்போன வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வித் துறை அதிகாரி அம்மையார் அவர்களே, இந்த ஊரில் பாதிப் பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்த மருத்துவர் ஐயா அவர்களே, வந்திருக்கிற அத்தனை பேருக்கும் தன் சொந்தச் செலவில் சுண்டலும் தேநீரும் ஏற்பாடு செய்திருக்கும் பாத்திரக்கடை அண்ணாச்சி அவர்களே, சுண்டல் வரும்வரை என் பேச்சைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்ட பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

யாருடைய பெயரையாவது பதவியையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூலகர் தம்பி எழுதிக் கொடுத்த சீட்டில் 11 பேர் இருக்கிறார்கள். அதில் நான்கு பேர் வரவில்லை. வந்தவர்களில் ஆறு பேர் சீட்டில் இல்லை. பெயர் விட்டுப்போனால் மனசு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போனால் இன்றைக்கு நான் பேச வந்ததே பெயர் விட்டுப்போன ஒரு கூட்டத்தைப் பற்றித்தான்.

புகைப்படம் வருவதற்கு முன்னால், சுமார் 300 வருஷம், உலகத்தில் ஒருவன் பார்த்ததை இன்னொருவன் பார்க்கவேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. செப்புத் தகட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, கோடு கோடாக வெட்டிக்கொண்டிருந்த ஆள். இதயத்துக்கு ரத்தம் எப்படித் திரும்புகிறது என்பதும், மலபார் கரையில் எந்தச் செடிக்கு எந்த இலை என்பதும் அவன் கைவழியாகத்தான் ஊருக்கு ஊர் போனது.

31 வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். பிள்ளைகள் மொழியில் டிராயிங் மாஸ்டர். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் ஔவைப் பாட்டி வந்துவிடுவாள். சித்திரமும்... (பின்வரிசையிலிருந்து, "கைப்பழக்கம்!") ஆ, மறக்கவில்லை. மற்றதெல்லாம் மறந்திருந்தாலும் இது போதும்.

நான்கு செய்தி சொல்லப் போகிறேன். ஒன்று, தகட்டை எப்படி வெட்டினார்கள். இரண்டு, மருத்துவத்துக்கு அவர்கள் செய்தது என்ன. மூன்று, நிலப்படம். நான்கு, அவர்களுக்குக் கிடைத்த கூலி. தலைவர் ஐயா அரை மணி நேரம் என்று கண்ணைக் காட்டியிருக்கிறார்.

முதலில் அண்ணாச்சி கடைக்குப் போவோம். குடம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். இப்போது குர்ரென்று சத்தம் போடும் ஒரு மின்கருவி. பேனா பிடிப்பதுபோல் பிடித்து எழுதிவிடுகிறார்கள். என் சின்ன வயதில் ஒரு பெரியவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலுமாக டக் டக்கென்று புள்ளி வைத்தே எழுதுவார். என் அம்மாவுக்குச் சீர் வந்த பித்தளைக் குடத்தில் அப்படித்தான் பெயர் வெட்டியிருந்தது. மீனாட்சி என்று வெட்டவேண்டியதை 'மீனாச்சி' என்று வெட்டிவிட்டார். காகிதமாக இருந்தால் அடித்துவிட்டு எழுதலாம். உலோகத்தில் என்ன செய்வது? 50 வருஷம் அந்தக் குடத்தில் தண்ணீர் பிடித்தோம். பானை கழுவும் புளியும் சாம்பலும் சேர்ந்துகூட அந்த 'ச்சி'யை அசைக்க முடியவில்லை. உலோகத்தில் வெட்டுகிறவன் எவ்வளவு நிதானமாக இருக்கவேண்டும் என்பதை நான் கற்றது அந்தக் குடத்திடம்.

ஐரோப்பாவிலும் இந்த வித்தை புறப்பட்ட இடம் பொற்கொல்லர் பட்டறைதான். ஆல்பிரெக்ட் டியூரர் என்ற மகா கலைஞர் நியூரம்பர்க் நகரத்து ஆசாரி ஒருவரின் மகன். அப்பாவிடம் நகைவேலை பழகியவர். இவர்கள் கையில் இருந்த உளியை ப்யூரின் என்பார்கள். நீளம் ஒரு விரல்தான். முனை சாய்வாகத் தீட்டியிருக்கும், பின்பக்கம் காளான் குடைபோல் மரப்பிடி. பிடியை உள்ளங்கையில் பொருத்தி, முன்னோக்கித் தள்ளவேண்டும். சுத்தியல் கிடையாது. தள்ளத் தள்ள முனைக்கு முன்னால் செம்பு சுருள் சுருளாக எழுந்து வரும், தேங்காய் துருவும்போது பூ எழுவது மாதிரி. வளைவுக் கோடு வேண்டுமென்றால் கையை வளைக்கக் கூடாது. தகட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் திண்டு இருக்கும். உளியைப் பிடித்த கை நிற்க, இடது கை தகட்டைத் திருப்பும். குயவர் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மையை விரலால் தேய்த்துக் கோடுகளுக்குள் இறக்கிவிட்டு, மேற்பரப்பைத் துணியாலும், கடைசியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். மை பள்ளத்தில் மட்டும் நிற்கும். ஈரம் காட்டிய காகிதத்தை மேலே போட்டு, கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால், காகிதம் பள்ளத்துக்குள் போய் மையை உறிஞ்சிக்கொண்டு வரும். ஒவ்வொரு படிக்கும் முதலிலிருந்து இதே வேலை. எழுத்து அச்சடிக்கும் பொறியில் இதை அடிக்க முடியாது. இதற்கென்று தனிப்பொறி, தனி ஆள், தனிக் கூலி. அதனால்தான் பழைய புத்தகங்களில் படமெல்லாம் தனித்தனித் தாளாக இருக்கும். அந்தத் தாளின் ஓரத்தை விரலால் தடவினால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளம் தட்டுப்படும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் அது.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், எல்லாம் தலைகீழ். தகட்டில் வலது என்பது தாளில் இடது. இதயத்தை இடப்பக்கம் காட்டவேண்டுமென்றால் தகட்டில் வலப்பக்கம் வெட்டவேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தமாதிரி எழுதவேண்டும். நானும் முயன்று பார்த்திருக்கிறேன்; இதோ இந்தத் தகட்டில் 'தமிழ்' என்று வெட்டியிருக்கிறேன். மூன்று நாள் ஆனது. 'ழ்' மட்டும் திரும்ப மறந்துபோய் நேராக நிற்கிறது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? அதற்கு முன்னால் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் இருந்தார். செடிகளைப் படம் வரைந்து வைக்கிறார்களே, அது ஏமாற்று வேலை என்று அவர் புலம்பியிருக்கிறார். ஏன்? ஒருவன் செடியைப் பார்த்து வரைகிறான். இரண்டாமவன் அந்தப் படத்தைப் பார்த்து வரைகிறான். மூன்றாமவன் இரண்டாமவனைப் பார்த்து வரைகிறான். பத்தாவது படியில் கீழாநெல்லி கருவேப்பிலை ஆகிவிடும். மருந்து என்று நம்பிப் பறித்துத் தின்றவன் கதி என்ன? தகடு வந்தபிறகு முதல் தாளும் ஐந்நூறாவது தாளும் ஒரே படம். லண்டனில் ஒரு வைத்தியனும் பாடுவாவில் ஒரு வைத்தியனும் ஒரே கோட்டைப் பார்த்துச் சண்டை போட முடிந்தது. மரத்தில் செதுக்கிய அச்சும் இதைச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் செம்பில் முடி அளவு கோடு விழும். மரத்தில் அது கடினம்.

மருத்துவர் ஐயா இருக்கிறார், அதனால் இரண்டாவது செய்தியைக் கொஞ்சம் பயந்துகொண்டே சொல்கிறேன். 1628-இல் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் செப்புத்தகட்டுப் படமாக இருப்பது வெறும் கை. முழங்கைக்கு மேல் துணியால் கட்டிய கை; நரம்பு புடைத்திருக்கும், நடுநடுவே முடிச்சுகள். ஒரு விரல் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்தவன் தன் கையைக் கட்டிக்கொண்டு தானே செய்து பார்க்கலாம். இன்றைக்கும் செய்யலாம், ஆனால் வீட்டில் போய்ச் செய்யுங்கள். 1798-இல் எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைக்குத் தடுப்பு கண்டுபிடித்தபோது, பால்கறக்கும் பெண் சாரா நெல்ம்ஸின் கையை, அதில் எழுந்த மாட்டம்மைக் கொப்புளங்களோடு தகட்டில் வெட்டி, வண்ணம் தீட்டிப் புத்தகத்தில் வைத்தார். எந்தக் கொப்புளம் சரியானது என்று வார்த்தையால் சொல்லிப் பாருங்கள், முடியாது.

இப்போது காண்டாமிருகத்துக்கு வருகிறேன். தலைவர் ஐயா சிரிக்கிறார். இந்தக் கதையை நான் போன இடமெல்லாம் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1515. குஜராத் சுல்தான் ஒரு காண்டாமிருகத்தைப் போர்ச்சுக்கீசியருக்குப் பரிசாகக் கொடுக்கிறார். அது கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போய் இறங்குகிறது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை. ராஜா மனுவேலுக்கு ஒரு ஆசை. யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகையாளிகள் என்று பழைய ஏட்டில் எழுதியிருக்கிறதே, மோதவிட்டுப் பார்ப்போம் என்று. நம் ஊரில் சேவல்கட்டுக்குக் கூடுவதுபோல் ஊரே கூடியது. இந்தப் பக்கம் ஒரு இளம் யானை. அந்தப் பக்கத் திரையை விலக்கினார்கள். காண்டாமிருகம் மெதுவாக, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வருகிறது. யானை ஒரு பார்வை பார்த்தது. திரும்பி ஓடியே போய்விட்டது! சண்டை அவ்வளவுதான். காண்டாமிருகம் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நின்றது.

ஜெயித்த பிராணியை ராஜா என்ன செய்தார்? போப்பாண்டவருக்குக் காணிக்கையாக மறுபடியும் கப்பலேற்றினார். இத்தாலிக் கரைக்குப் பக்கத்தில் புயல். சங்கிலியால் கட்டியிருந்ததால் நீந்த முடியாமல் பாவம், மூழ்கிப்போனது. ஆனால் அதற்குள் லிஸ்பனிலிருந்து யாரோ ஒரு கடிதமும், கையால் கிறுக்கிய ஒரு படமும் நியூரம்பர்க் போய்ச் சேர்ந்திருந்தன. டியூரர் கையில் கிடைத்தன. காண்டாமிருகத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? தோல் மடிப்பையெல்லாம் போர்க்கவசமாக்கினார், ஆணி அடித்த மாதிரி. காலுக்குச் செதில் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, முதுகில், தோளுக்குப் பக்கத்தில், சின்னதாக இன்னொரு கொம்பு வைத்துவிட்டார்!

அது செம்பு இல்லை, மர அச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அச்சு எவ்வளவு அழகு என்றால், அடுத்த 200 வருஷத்துக்கும் மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்று யார் வரைந்தாலும் அதைப் பார்த்தே வரைந்தார்கள். விலங்கியல் புத்தகத்தில் அதே கொம்பு. செப்புத்தகட்டுக்காரர்களும் அதே கொம்பை மெனக்கெட்டு வெட்டினார்கள். பிள்ளைகளே, இங்கேதான் ஔவைப் பாட்டியிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், சரி. ஆனால் கை மட்டும் பழகி, கண் பார்க்காவிட்டால், முதுகில் கொம்பு முளைக்கும்.

அந்தக் கொம்பை எப்படி எடுத்தார்கள்? அதற்கும் நம் பக்கத்து ஆள்தான் போகவேண்டியிருந்தது. 1738-இல் வங்காளத்தில் தாயை இழந்த ஒரு காண்டாமிருகக் குட்டியை டச்சுக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் வீட்டில் வைத்து வளர்த்தார். பெண்குட்டி. வீட்டுக்குள் நாய்க்குட்டி மாதிரி சுற்றுமாம், சாப்பாட்டு மேசைவரை வருமாம். வளர்ந்துவிட்டால் மேசை தாங்குமா? டவ் மவுட் என்ற கப்பல் தலைவர் அதை வாங்கிக்கொண்டு 1741-இல் ராட்டர்டாமில் இறக்கினார். கிளாரா என்று பெயர். 17 வருஷம், பெர்லின், வியன்னா, பாரிஸ், வெனிஸ் என்று வண்டியில் ஊர் ஊராகப் போனது. அரசர்கள் பார்த்தார்கள், காசு கொடுத்து ஜனங்கள் பார்த்தார்கள். வைக்கோலும் ரொட்டியும், நடுவில் பீரும்! (சிரிப்பு) 1758-இல் லண்டனில் இறந்தது.

கிளாராவைப் பார்க்கப் போனவர்களில் யான் வாண்டலார் என்று ஒரு செதுக்குக் கலைஞர் இருந்தார். லைடன் நகரத்தில் ஆல்பினஸ் என்ற உடற்கூற்றியல் பேராசிரியருக்காக மனித எலும்புக்கூட்டையும் தசைகளையும் 20 வருஷத்துக்கும் மேலாக வரைந்து, வெட்டிக்கொண்டிருந்தவர். எப்படி வரைந்தார் தெரியுமா? எலும்புக்கூட்டுக்கு முன்னால் நூலால் கட்டம் கட்டமாகப் பின்னிய வலையை நிறுத்தி, 40 அடி தள்ளி நின்று, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துத் தாளில் ஏற்றினார். சினிமா பேனர் வரைந்தவர்களுக்கு இந்தக் கட்டம் போடும் வித்தை தெரியும். 1747-இல் புத்தகம் வந்தது. திறந்தால், கம்பீரமாக நிற்கும் எலும்புக்கூடு. அதற்குப் பின்னால் சாவகாசமாகப் புல் மேயும் கிளாரா! முன்பக்கம் ஒரு படத்தில், பின்பக்கம் ஒரு படத்தில். மருத்துவப் புத்தகத்தில் காண்டாமிருகத்துக்கு என்ன வேலை என்று சிலர் கோபித்தார்கள். ஆனால் முதுகைப் பாருங்கள். கொம்பு இல்லை! வாண்டலார் கண்ணால் பார்த்தார், அதனால் இல்லை.

அந்த லைடன் நகரத்தின் பெயர் நமக்குப் புதிதில்லை. நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செப்பேடுகள் போய்ச் சேர்ந்த ஊர் அது. அறிஞர்கள் அதை லைடன் செப்பேடு என்றே எழுதினார்கள். இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செம்பில் வெட்டும் கை நம்மிடம் இருந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு. அதன் கடைசியில் அதை வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயர்கூட இருக்கிறது. ராஜா பெயர் இருக்கும் ஏட்டில் வெட்டியவன் பெயரும்! ஆனால் அந்த ஏட்டின்மேல் மையைத் தடவித் தாளை வைத்து அழுத்தலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் வந்து மைப்படி எடுக்கும்வரை ஒரு செப்பேடு ஒரே செப்பேடாகவே இருந்தது.

நம் செடிகளும் அப்படித்தான் ஊர் சுற்றின. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களையும் வைத்து மலபார்ச் செடிகளைத் தொகுத்தார். 'ஹோர்டஸ் மலபாரிகஸ்', 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகள், 700-க்கும் மேற்பட்ட தகட்டுப் படங்கள். செடியின் பெயர் படத்துக்குள்ளேயே மலையாளத்திலும் அரபியிலும் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கும். நினைத்துப் பாருங்கள், ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மலையாளம் 'அ'னாவும் தெரியாது. அவனுக்கு அது எழுத்தே இல்லை, கொடியும் சுருளுமான இன்னொரு படம். அதைத் தலைகீழாக வெட்டினான், படித்தால் படிக்க வருகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

அடுத்து ராக்ஸ்பர்க், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த தாவரவியல் அறிஞர். 'சோழமண்டலக் கரையின் செடிகள்' என்று 1795-இலிருந்து மூன்று தொகுதி, 300 படம், லண்டனில். படத்தை வரைந்தவர்கள் அவரிடம் வேலை செய்த நம் நாட்டு ஓவியர்கள். பழைய தகட்டுப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் வெட்டியவர் பெயர், பொடி எழுத்தில். ராக்ஸ்பர்க் புத்தகத்தில் வெட்டிய மெக்கென்சியின் பெயர் நமக்குத் தெரிகிறது. வெயிலில் உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தவன் பெயர்? காணோம். காஞ்சிபுரத்தான் பெயரைச் சோழன் வெட்டவிட்டான். கம்பெனி விடவில்லை.

மூன்றாவது செய்தி நிலப்படம். ஆர்டீலியஸ் 1570-இல் ஆன்ட்வெர்ப்பில் போட்ட அட்லஸிலிருந்து தொடங்கவேண்டும், நிலப்பட மேதை மெர்க்கேட்டர் தானே தகடு வெட்டியவர் என்பதைச் சொல்லவேண்டும், கம்பெனியின் நில அளவையாளர் ரென்னலின் இந்துஸ்தான் படத்துக்கு வரவேண்டும். அது தனிக் கூட்டம். தலைவர் ஐயா இன்னொரு நாள் தேதி கொடுத்தால் வருகிறேன், பொன்னாடை வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். லண்டனில் எலிசபெத் பிளாக்வெல் என்று ஒரு அம்மா. புருஷன் கடன்பட்டு ஜெயிலில். கையில் குழந்தை. செல்சியில் மருந்துச் செடித் தோட்டம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக்கொண்டு, செடியைப் பார்த்துத் தானே வரைந்து, தானே தகட்டில் வெட்டி, தானே வண்ணம் தீட்டி, வாரம் நான்கு படம் வீதம் வெளியிட்டார். 1737-இலிருந்து 1739 வரை 500 படம்! ஜெயிலில் இருந்த புருஷன் செடிப்பெயர்களை எழுதிக் கொடுத்தார். அந்தக் காசில் அவரை மீட்டார். மீண்டவர் ஸ்வீடனுக்குப் போய் அரச சதியில் மாட்டிக்கொண்டு தலையை இழந்தார், அது வேறு. (பெண்கள் பகுதியில் சிரிப்பு)

பிரான்சில் திதரோ கலைக்களஞ்சியம் போட்டபோது 1759-இல் அரசாங்கம் எழுத்துக்குத் தடை போட்டது. படத்துக்கு அனுமதி கொடுத்தது! படத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தார்கள்போல. 11 தொகுதி படம் வந்தது. குண்டூசி செய்கிறவன், கண்ணாடி ஊதுகிறவன், தோல் பதனிடுகிறவன், அவர்களுடைய கை, கருவி, பட்டறை. கத்தி செய்யும் தொழிலாளியின் மகன் திதரோ. கூஸியே வரைந்தார், பெனார் வெட்டினார். தகடு வெட்டும் தொழிலையே தகட்டில் வெட்டிக் காட்டிய பக்கங்களும் உண்டு.

கடைசியில் புகைப்படம் வந்தது. அதுவும் எங்கிருந்து வந்தது? பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1820-களில் தகட்டுப் படங்களைச் சூரிய ஒளியாலேயே நகலெடுக்க முடியுமா என்று பார்த்தார். அந்த முயற்சியில்தான் வழி திறந்தது. 1839-இல் டகேர் உலகத்துக்குக் காட்டிய புகைப்படம் எதன்மேல் இருந்தது? வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல்! அதற்குப் பிறகும் பல வருஷம் புகைப்படத்தை அப்படியே புத்தகத்தில் அச்சடிக்க வழியில்லாமல், அதைப் பார்த்து வெட்ட மறுபடியும் செதுக்குகிறவனைத்தான் கூப்பிட்டார்கள்.

சரி, இப்போது நான் ஏன் இதையெல்லாம் இந்த ஊரில், இந்த மேடையில், அதிகாரி அம்மையார் முன்னால் பேசுகிறேன்? அம்மையாருக்குப் புரிந்திருக்கும், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பேத்தி பதினோராம் வகுப்பு. போன மாதம் ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தி வரைந்துகொண்டிருந்தாள். போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, நகம் கடித்துக்கொண்டு. "சூல்முடி எத்தனைம்மா?" என்று கேட்டேன். "மூணு தாத்தா" என்றாள். போனில் அந்தக் கோணத்தில் மூன்றுதான் தெரிகிறது. வாசலில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி பூத்து நிற்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பூவை வளைத்துக் காட்டினேன். குழாய் மாதிரி நீண்ட தண்டின் நுனியில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டு, வெல்வெட் மாதிரி. எண்ணினாள். ஐந்து. "அட, ஆமா தாத்தா" என்றாள். முதுகில் கொம்பு முளைக்க இருந்த நேரம், பெயர்த்து எடுத்தோம்.

அவள் படிக்கும் வகுப்பில் பாதிப் பேர் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுகிறார்களாம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. டிராயிங் பீரியடில் கணக்கு நடக்கிறது. போன வருஷம் போய்ப் பார்த்தேன். என் வரைபலகைகள் மதிய உணவுக் கூடத்தில் பாத்திரம் வைக்கும் பலகையாகிவிட்டன. ஒன்றில் யாரோ ஒரு பையன் காம்பஸ் முனையால் பேருந்து ஒன்றை வெட்டியிருந்தான், ஜன்னல் கம்பி வரைக்கும். அந்தப் பையன் யாரென்று கேட்டேன். தெரியவில்லை என்றார்கள்.

அம்மையாரைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே காலியான இடங்கள் இவை. நிதி இல்லை என்பார்கள். வண்ணம், தூரிகை, கேன்வாஸ் எல்லாம் யார் வாங்குவது என்பார்கள். குதிரையின் உடற்கூற்றை வரைந்த ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேயர், தகடு வெட்டக் கற்றபோது கையில் தகடே இல்லை. ஒரு அரைப் பென்னி செப்புக்காசை மெழுகி, தையல் ஊசியைக் குச்சியில் செருகிக்கொண்டு, அதில்தான் முதல் கோடு போட்டார். பின்னால் குதிரைப் படங்களை வெட்டித் தர லண்டனில் யாரும் முன்வராதபோது தானே உட்கார்ந்து வெட்டி 1766-இல் புத்தகமாக்கினார். எங்களுக்கு அரைக் காசு போதும். ஒரு ஆள் வேண்டும். செடி வரைய, நண்டு வரைய, கண்ணாடி விரியனின் சங்கிலிப் புள்ளிக்கும் சாரைப் பாம்பின் தோலுக்கும் வித்தியாசம் பார்க்க, பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி "இதைப் பார்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒருவர், பகுதிநேரம் இல்லை, முழுநேரம்.

அதற்காகத்தான் மனு எழுதியிருக்கிறோம். நான்காவது செய்தி கூலி என்று சொன்னேன்; அதை இந்த மனுவிலேயே படித்துக்கொள்ளுங்கள், ஓவிய ஆசிரியரின் கூலி என்னவென்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்து மேசையில் தாள் வைத்திருக்கிறோம், பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறோம். சுண்டலுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை, அண்ணாச்சியிடம் சொல்லி அப்படிப் போட்டோம். கையெழுத்து மட்டும் போட்டால் போதாது. பெயரை முழுதாக, புரியும்படி எழுதுங்கள். என் செப்புத் தகடும் அங்கேதான் இருக்கும், பக்கத்தில் ஒரு கண்ணாடியும். கண்ணாடியில் பார்த்தால் 'தமி' படிக்க வரும். தொட்டுப் பார்க்கலாம், ஆனால் விளிம்பு இன்னும் ராவவில்லை, குழந்தைகள் பார்த்துத் தொடுங்கள். வணக்கம்.